நம்ம பாட்டன்மார் கொடுத்த மனு



மல்லாட்டை பிடுங்கி முடிச்சாச்சு. கொடியையும் உதறிப் போர் போட்டாச்சு. ரெண்டு நாளா உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

போன வாரம் ராத்திரி எட்டரை மணி இருக்கும், பக்கத்து ஊர் தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். பட்டியில இருந்து மூணு ஆட்டை யாரோ ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம்.

"அண்ணா, காலையில ஸ்டேஷனுக்குப் போகணும். திருட்டுக் கொடுத்தவன் நான். ஆனாலும் வயித்தைக் கலக்குது. அங்க போயி என்ன பேசணும், எப்படிப் பேசணும்?"

நான் அவர்கிட்ட மூணே விஷயம் சொன்னேன். ஒண்ணு, புகாரை ரெண்டு காப்பி எழுது. ரெண்டு, ரசீது வாங்காம வெளியே வராத. மூணாவது, கண்ணால பார்க்காத எவன் பேரையும் வாய்ல எடுக்காத. யாரு கேட்டாலும் எடுக்காத.

மூணாவது விஷயத்தை நான் சொன்ன வேகத்தைப் பார்த்து தம்பி கொஞ்சம் திகைச்சுப் போயிட்டார். "ஏண்ணா இவ்வளவு அழுத்திச் சொல்றீங்க?"ன்னு கேட்டார். போன்ல சொல்ல முடியல. இங்க சொல்றேன்.

2011, ஆவணி மாசம்

அந்த வருசம் எனக்கு ரெண்டு ஏக்கர் மல்லாட்டை. பூப்பூத்து ஊசி இறங்குற நேரம். அப்ப தண்ணி தப்புச்சுன்னா காய் பிடிக்காது. ஒரு நாள் விடியக்காலம் மூணு மணிக்குக் கரண்டு வரும்னு கிணத்துக்குப் போனேன். ஸ்டார்ட்டரைப் போட்டா சத்தமே இல்ல. டார்ச் அடிச்சுப் பார்த்தா, கொட்டகையில இருந்து கிணத்துக்குள்ள இறங்குற கேபிள் ஒயரைச் சுத்தமா அறுத்துக்கிட்டுப் போயிருக்கான். தாமிரத்துக்காக. நூத்தம்பது அடி இருக்கும்.

காலையில ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன்னு சொல்லப் போறதில்ல, எந்த ஊர்லயும் நடந்திருக்கக்கூடியதுதான். ரெண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில நின்னப்புறம் ரைட்டர் கூப்பிட்டார். புகாரைப் படிச்சார்.

"யார் மேலய்யா சந்தேகம்?"

"யார் மேலயும் இல்லைங்க ஐயா."

"யாரையாவது சொன்னாத்தானே விசாரிக்க முடியும்? முந்தின நாள் அந்தப் பக்கம் யார் யார் வந்தாங்க?"

மறுபடி மறுபடி கேட்டார். பயிரு காயுதேங்குற நினைப்பு எனக்கு. எங்க வயலுக்கு நடவு, களையெடுப்புக்கு வர்ற ஒரு அம்மாவோட மகன், அப்ப அவனுக்குப் பத்தொன்பது வயசு, முந்தின நாள் சாயங்காலம் அந்த வரப்பு வழியாத்தான் வீட்டுக்குப் போனான். அதைச் சொன்னேன். "சந்தேகம் இல்லைங்க, வந்தான், அவ்வளவுதான்"னு சொன்னேன். அவர் பேரை ஒரு துண்டுத் தாள்ல எழுதிக்கிட்டார். எனக்கு ரசீது ஒண்ணும் தரல. நானும் கேட்கல. அப்படி ஒண்ணு உண்டுங்குறதே எனக்கு அப்பத் தெரியாது.

மூணாம் நாள் காலையில அந்த அம்மா எங்க வாசல்ல வந்து நின்னாங்க. வழக்கமா மாட்டுக்கொட்டாய்ப் பக்கமா வர்றவங்க, அன்னிக்கு நேரா முன்வாசலுக்கு வந்துட்டாங்க. திட்டல. அழவும் இல்ல.

"முந்தாநாள் ராத்திரி பையனை ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கண்ணா. நீங்க பேரு சொன்னீங்களாமே."

நான் சட்டையை மாட்டிக்கிட்டு அவங்களோட ஸ்டேஷனுக்குப் போனேன். பாரா நின்னவர், "அப்படி யாரும் இங்க இல்லையே"ன்னுட்டார். ஆனா உள்ள தாழ்வாரத்து மூலையில பனியனோட ஒருத்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா பார்த்துட்டாங்க. நானும் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் உள்ள போயி, "எனக்கு ஒயரே வேணாம் ஐயா, புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்"னு சொன்னேன். "கேஸே போடலையே, எதை வாபஸ் வாங்கப் போற?"ன்னு ஒருத்தர் சிரிச்சார்.

கேஸும் இல்ல, ஆளும் இல்ல. ஆனா ஆள் அங்கதான் உட்கார்ந்திருக்கான்.

எங்க தூரத்துச் சொந்தத்துல ஒரு பையன் தாலுகா கோர்ட்ல வக்கீலா இருந்தான். என்னை மாமான்னு கூப்பிடுவான். அவன்கிட்ட ஓடினோம். கேட்டுட்டு அவன் சொன்னான்: "மாமா, காகிதத்துல பேர் ஏறாத ஆளுக்குத்தான் ஆபத்து. முதல்ல அவன் பேரைக் காகிதத்துல ஏத்தணும்." நேரா தந்தி ஆபீசுக்கு அனுப்பினான். எஸ்.பி.க்கு ஒண்ணு, மாஜிஸ்திரேட்டுக்கு ஒண்ணு, மனித உரிமை ஆணையத்துக்கு ஒண்ணு. இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன ஸ்டேஷனுக்கு என் மகனைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, இதுவரைக்கும் கோர்ட்ல ஒப்படைக்கல. அந்த அம்மா பேர்ல. தந்தியில நேரமும் தேதியும் அரசாங்க முத்திரையோட விழுந்துடும். பின்னாடி எவனும் மாத்த முடியாது. அந்தக் காலத்துல விவரம் தெரிஞ்ச வக்கீல்மார் முதல்ல செய்யிற வேலை அதுதான். 2013 ஜூலையோட நாட்டுல தந்தியே நின்னுபோச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே, "விசாரிச்சாச்சு, கூட்டிக்கிட்டுப் போங்க"ன்னு பையனை அனுப்பிட்டாங்க. ஒயரைப் பத்தி யாரும் பேசல. அது இன்னிக்கு வரைக்கும் கிடைக்கவும் இல்ல.

அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா பையனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. பத்தொன்பது வயசுப் பையனுக்கு. விரல் பத்தும் வீங்கி, மடக்க முடியல. விரலுக்கு இடையில பேனாவை வச்சு அழுத்தினாங்களாம். நான் வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன்.

வக்கீல் பையன் சொன்ன வரலாறு

கொஞ்ச நாள் கழிச்சு அந்த வக்கீல் பையன்கிட்ட இதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். "மாமா, போலீஸ்ல சொன்ன வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு ஒரு சட்டம் இருக்கு தெரியுமா? அந்தச் சட்டம் வர்றதுக்கு ஒரு காரணம் யாரு தெரியுமா? நம்ம மாகாணத்து விவசாயிங்க"ன்னான். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். அப்புறம் நூலகத்துலயும் அவன் தந்த புத்தகங்கள்லயும் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதுல எனக்குப் பிடிபட்டதை எழுதுறேன்.

இன்னிக்கு நாம பார்க்குற போலீஸ் ஸ்டேஷன், எஸ்.ஐ., ஏட்டு, இதெல்லாம் நூத்தறுபது வருசத்துக்குச் சொச்சம்தான். அதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் தலையாரியும் காவல்காரரும்தான். 1816ல கம்பெனி சர்க்கார் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டது. அதன்படி கலெக்டர்தான் மாஜிஸ்திரேட். தாலுகாவுல தாசில்தார்தான் போலீசுக்கும் தலைவர். ஊருல மணியக்காரர், அவருக்குக் கீழ தலையாரி. நல்லாக் கவனிங்க, வரி வசூல் பண்றவரும் அவரே, பிடிச்சு வைக்கிறவரும் அவரே.

ரயத்துவாரி முறையில ஒவ்வொரு குடியானவனும் நேரா சர்க்காருக்குத் தீர்வை கட்டணும். மழை பொய்ச்சாலும், விளையாமப் போனாலும் வசூல் ஆகணும். கலெக்டர் தாசில்தாரை நெருக்குவார், தாசில்தார் மணியக்காரரை நெருக்குவார், கடைசியில நெருக்குப்படுறது மண்ணைக் கிளறுற ஆள்.

எப்படி நெருக்கினாங்கன்னு படிச்சப்ப எனக்கு அந்தப் பையனோட விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. "கிட்டி"ன்னு ஒரு கருவி. எலுமிச்சம்பழம் பிழியிற கட்டை மாதிரி ரெண்டு மரத்துண்டு. நடுவுல விரலையோ கையையோ வச்சு நசுக்குறது. கட்டை இல்லாட்டி விரலோடு விரலைக் கோத்துக் கையாலயே நசுக்குறது. "அண்ணாந்தாள்"னு இன்னொண்ணு. முரட்டு மாட்டுக்குத் தலையையும் முன்னங்காலையும் சேர்த்துக் கட்டுவோமே, அது மாதிரி ஆளைக் குனிய வச்சுக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயில்ல விட்டுடுறது. சாப்பிட விடாம, வெளிக்குப் போக விடாம நிறுத்தி வைக்கிறது. முழங்கால் மடிப்புல செங்கல் வச்சு உட்கார வைக்கிறது. தலைமயிரை எருமை வால்ல கட்டுறது. அந்தப் பட்டியல்ல ஒண்ணு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது. ஆளைத் தொடவே மாட்டாங்க. அவன் மாட்டை மேய்ச்சலுக்கு விடாம வீட்டுக்குள்ளேயே அடைச்சு வச்சிடுவாங்க. மாடு பசியில கத்துறதைக் கேட்டுக்கிட்டு எந்தக் குடியானவன் உட்கார்ந்திருப்பான்?

வரிக்கு மட்டும் இல்ல. திருட்டுக் கேஸ்லயும் இதே கிட்டிதான். பொருள் எங்கேன்னு சொல்ற வரைக்கும்.

சென்னைக்கு நடந்தவர்கள்

1852ல கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னையில ஒரு சங்கம் ஆரம்பிச்சார். சென்னை சுதேசிகள் சங்கம். 'கிரசென்ட்'னு பத்திரிகையும் நடத்தினவர். நம்ம ஊர்க்காரங்க குறையை லண்டன் பார்லிமெண்டுக்கே மனுவா எழுதி அனுப்பினாங்க. அங்கிருந்து டான்பி சீமோர்னு ஒரு பார்லிமெண்ட் உறுப்பினர் நேர்ல பார்க்கவே சென்னைக்கு வந்தார். 1854 ஜூலையில பார்லிமெண்ட்ல இந்தப் பேச்சு எழுந்தது: சென்னை மாகாணத்துல வரி வசூலுக்குச் சித்திரவதை நடக்குதா இல்லையா?

கம்பெனி ஆளுங்க பலர் "இல்லவே இல்ல"ன்னு சாதிச்சாங்க. கடைசியில அந்த வருசமே சென்னையில மூணு பேர் கொண்ட ஒரு விசாரணைக் கமிஷன் போட்டாங்க. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். யார் வேணும்னாலும் வந்து சொல்லலாம், எழுதியும் அனுப்பலாம்னு அறிவிச்சாங்க.

உறவுகளே, இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க. ரயில் வராத காலம். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேர். சொன்னா திரும்பிப் போயி அதே மணியக்காரர் முகத்துலதான் முழிக்கணும். அப்படியும் வந்தாங்க. நேர்ல வந்ததும் எழுதி அனுப்பினதுமா மொத்தம் 1959 புகார். கமிஷன் அறிக்கை 1855ல வெளியானது. சித்திரவதை நடக்கிறது உண்மைதான்னு எழுதினாங்க. வெள்ளைக்கார அதிகாரிங்களுக்கு இதுல பங்கு இல்ல, எல்லாம் உள்ளூர் ஆளுங்க செய்யிறதுன்னும் எழுதி வச்சாங்க. தீர்வையை ஏத்துனது யாரு, வசூலுக்கு நெருக்குனது யாருங்குற கேள்வியை அப்படியே தள்ளி விட்டுட்டாங்க. இந்த அறிக்கையை வச்சுத்தான் கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பர்ல அமெரிக்கப் பத்திரிகை ஒண்ணுல, இந்தியாவுல நடக்குற சித்திரவதையைப் பத்தி எழுதினார்.

அந்த அறிக்கையில எனக்கு முக்கியமாப் பட்டது, அடி வாங்கினவனுக்கு நியாயம் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அவங்க ஒத்துக்கிட்டதுதான். கலெக்டருக்கு மனு போட்டா, அவர் அதை விசாரிக்கச் சொல்லி அனுப்புறது தாசில்தாருக்கு. புகாரே அந்தத் தாசில்தார் ஆளுங்க மேலதான். இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. இன்னிக்கும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனு போட்டா அது சுத்திச் சுத்தி எங்க வந்து விழும்னு உங்களுக்கே தெரியும்.

மனுவுல இருந்து சட்டம்

ஆனா அந்த 1959 புகாரும் வீணாப் போகல. 1859ல சென்னை மாகாணத்துக்குத் தனியாப் போலீஸ் சட்டம் வந்தது. தாசில்தார் கையில இருந்து போலீசைப் பிரிச்சுத் தனித் துறை ஆக்கினாங்க. வில்லியம் ராபின்சன் அதுக்கு முதல் தலைவர். வரி கேட்குற கை வேற, விலங்கு போடுற கை வேறன்னு ஆச்சு.

1860ல இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தப்ப அதுல 330ஆம் பிரிவு வச்சாங்க. ஒத்துக்க வைக்கவோ, பொருளைத் திரும்ப வாங்கவோ ஒருத்தனைக் காயப்படுத்தினா ஏழு வருசம் வரைக்கும் ஜெயில். சட்டத்துலயே உதாரணமும் எழுதியிருந்தாங்க: திருட்டுப் பொருள் இருக்குற இடத்தைச் சொல்லச் சொல்லிச் சித்திரவதை பண்ற போலீஸ் அதிகாரி, வரி பாக்கிக்காகச் சித்திரவதை பண்ற வருவாய்த்துறை அதிகாரி. வரி பாக்கிக்காகன்னு படிச்சப்ப, சென்னைக்கு நடந்த அந்தக் குடியானவங்க சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்து நிற்கிற மாதிரி எனக்கு இருந்தது. இப்ப புதுச் சட்டத்துல இது 120ஆம் பிரிவு.

1861ல வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஒருத்தனைப் பிடிச்சா 24 மணி நேரத்துக்கு மேல போலீஸ் தானா வச்சிருக்கக் கூடாதுன்னுச்சு. போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிரா நிரூபிக்கக் கூடாதுன்னும் அதே சட்டம் சொன்னது. 1872ல அது சாட்சியச் சட்டத்துல 25ஆம் பிரிவா உட்கார்ந்தது. இப்ப 23ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் தன் போலீசையே நம்பாம எழுதின சட்டம் அது. ஏன் நம்பலைன்னா, கிட்டியை வச்சா எவனும் எதையும் ஒத்துக்குவான்னு அவனுக்கே தெரிஞ்சு போச்சு.

அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. 1902ல கர்சன் பிரபு காலத்துல ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில இன்னொரு போலீஸ் கமிஷன் போட்டாங்க. ஜனங்க போலீசைப் பார்த்துப் பயப்படுறாங்க, லஞ்சமும் கொடுமையும் நிறைஞ்சிருக்குன்னு அந்த அறிக்கையும் சொன்னது. சட்டம் புத்தகத்துல இருந்தது. கிட்டிக் கட்டை போச்சு, பேனா வந்தது.

சுதந்திரத்துக்கு அப்புறம்

1950ல அரசியல் சட்டம் வந்தப்ப 22ஆம் பிரிவுல மூணு விஷயத்தை அடிப்படை உரிமையாவே எழுதிட்டாங்க: ஏன் கைது பண்றோம்னு சொல்லணும், வக்கீலைப் பார்க்க விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்.

1978ல ஒரு தீர்ப்பு. நந்தினி சத்பதி, ஒடிசாவோட முன்னாள் முதலமைச்சர். அவங்களையே ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கேள்வி கேட்டாங்க. அவங்க பதில் சொல்ல மறுத்தாங்க. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வழக்குல, தன்னைத் தானே மாட்டி விடுற பதிலைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, பொம்பளையை விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிடுறதே சட்டத்துக்கு விரோதம்னு தெளிவா எழுதினார்.

1986ல மேற்கு வங்கத்துல சட்ட உதவிச் சங்கம் ஒண்ணை நடத்தின டி.கே. பாசு, லாக்கப் சாவுகளைப் பத்திப் பத்திரிகையில வந்த செய்தியை இணைச்சு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தையே வழக்கா எடுத்துக்கிட்டாங்க. பத்து வருசம் கழிச்சு 1996 டிசம்பர்ல தீர்ப்பு. 11 கட்டளை. கைது பண்ற போலீஸ் பேர்ப்பட்டை மாட்டியிருக்கணும். கைதுக் குறிப்பு எழுதி, அதுல நேரமும் தேதியும் போட்டு, குடும்பத்துல ஒருத்தரோ ஊர்ப் பெரியவர் ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லணும். 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்கணும். ஸ்டேஷன் சுவர்ல போர்டுல எழுதி மாட்டியிருப்பாங்களே, அது இந்தத் தீர்ப்பு சொன்னதுதான்.

2011ல நான் வேப்பமரத்தடியில ரெண்டு மணி நேரம் நின்னப்ப அந்த போர்டு எனக்கு நேர் எதிர்ல இருந்தது. நான் படிக்கல. பஞ்சாங்கம் மாதிரி ஏதோ மாட்டியிருக்காங்கன்னு நினைச்சேன்.

2013ல லலிதா குமாரி வழக்குல, போலீஸ் நேரா விசாரிக்கக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஜூன்ல சாத்தான்குளம். செல்போன் கடை வச்சிருந்த அப்பாவும் மகனும் ஊரடங்கு நேரத்துல ஸ்டேஷனுக்குப் போயி, அடுத்தடுத்த நாள் செத்துப் போனாங்க. ஸ்டேஷன் கேமராவுல அந்த ராத்திரிப் படம் இல்ல, தினமும் தானா அழியிற மாதிரி வச்சிருந்தாங்க. அப்பவும் அங்க வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருத்தர், பயத்தையும் மீறி மாஜிஸ்திரேட்கிட்ட நடந்ததைச் சொன்னாங்க. போலீஸ்லயும் அப்படி மனுசங்க இருக்காங்கங்குறதை நாம மறக்கக் கூடாது. அந்த வருசம் டிசம்பர்லயே, வேற ஒரு வழக்குல, எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவைப் பாதுகாக்கணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா எனக்கு ஒண்ணு தெரியுது. மனு, எஃப்.ஐ.ஆர்., கைதுக் குறிப்பு, தந்தி, கேமரா எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்யுது. இந்த ஆள் இந்த நேரத்துல இங்க இருந்தான்னு பதிவு பண்ணுது. அந்தப் பதிவு இல்லாத ராத்திரியிலதான் விரல் வீங்குது.

இப்ப ஸ்டேஷனுக்குப் போனா

2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டங்கள் வந்தாச்சு. பேரும் பிரிவு நம்பரும் மாறினாலும் அடிப்படை அதேதான். நம்மளை மாதிரி ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டியதை மட்டும் சொல்றேன்.

1. புகாரை ரெண்டு பிரதி எழுதுங்க. என்ன போச்சு, எப்ப போச்சு, மதிப்பு எவ்வளவுன்னு போடுங்க. 5000 ரூபாய்க்குக் குறைவான திருட்டுன்னா போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். அதனால மதிப்பைச் சரியா எழுதுறது முக்கியம்.

2. எஃப்.ஐ.ஆர். போட்டா அதோட நகலை இலவசமாத் தரணும், 173ஆம் பிரிவு. உடனே போடாம விசாரிக்கிறோம்னு சொன்னா சி.எஸ்.ஆர். ரசீதாவது நம்பரோட வாங்கிக்கிட்டு வாங்க. "எங்க எல்லையில வராது"ன்னு திருப்பி அனுப்பக் கூடாது. எந்த ஸ்டேஷன்லயும் வாங்கிக்கணும்.

3. வாங்க மறுத்தா அதே புகாரைப் பதிவுத் தபால்ல எஸ்.பி.க்கு அனுப்புங்க. தபால் ரசீதைப் பத்திரமா வைங்க. அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்.

4. பொம்பளைங்க, 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்க, 60 வயசு தாண்டின ஆம்பளைங்க, மாற்றுத் திறனாளிங்க, கடுமையா நோய்வாய்ப்பட்டவங்க, இவங்களைச் சாட்சி விசாரணைன்னு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்கணும், 179ஆம் பிரிவு.

5. பொழுது சாய்ஞ்சப்புறம், விடியறதுக்கு முன்னாடி பொம்பளையைக் கைது பண்ணக் கூடாது. தவிர்க்க முடியாத நேரத்துல பெண் போலீஸ் மூலமா, மாஜிஸ்திரேட் அனுமதியோடதான்.

6. யாரையாவது கூட்டிக்கிட்டுப் போனா, கைதா விசாரணையான்னு கேளுங்க. கைதுன்னா காரணம் சொல்லணும், கைதுக் குறிப்பு எழுதணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும், 24 மணி நேரத்துல கோர்ட்ல நிறுத்தணும். அந்தக் கணக்குல வழிப்பயண நேரம் மட்டும் சேராது.

7. வக்கீல் வைக்க வசதி இல்லாட்டி தாலுகா கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் குழு இருக்கு. 15100க்குப் போன் பண்ணலாம்.

8. வெள்ளைத் தாள்ல கையெழுத்துப் போடாதீங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

இதையெல்லாம் மரியாதையாவே கேட்கலாம். "ஐயா, ரசீது கொடுத்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன்"னு சொல்லி அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தா போதும். தனியா மட்டும் போகாதீங்க. கூட ஒரு ஆள் வரட்டும்.

சட்டப் புத்தகத்துல இல்லாத ஒண்ணை நான் சேர்த்துக்கிறேன். புகார் கொடுக்குறவனுக்கும் ஒரு கடமை இருக்கு. நமக்குப் பொருள் போச்சுன்னா, அது திரும்பி வர்றதுக்காக எவன் விரலை வேணும்னாலும் நசுக்கட்டும்னு விட்டுடக் கூடாது. "நாலு தட்டு தட்டினா கக்கிடுவான் சார்"னு நாமளே சொல்லிக் கொடுக்குறோம் பாருங்க, அங்க இருந்துதான் இது ஆரம்பிக்குது. யார் பேரு சட்டுனு நம்ம வாய்ல வருதுன்னும் யோசிச்சுப் பார்க்கணும். அன்னிக்கு அந்த வரப்பு வழியா எங்க பங்காளி மகனும்தான் போனான். அவன் பேரு எனக்கு வரல. காலனிப் பையன் பேருதான் வந்தது. பதினாலு வருசமா இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இங்கதான் முதல் தடவையா எழுதுறேன்.

அந்தப் பையன் இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில டெய்லர். விரல் சரியாயிடுச்சு. பொங்கலுக்கு வந்தா என்னைப் பார்த்துப் பேசுவான். "பஸ் அந்த ஸ்டேஷனைத் தாண்டுற வரைக்கும் தலையைக் குனிஞ்சுக்குவேன் ஐயா"ன்னு ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னான். அவங்க அம்மா அந்த வருசத்தோட எங்க வயலுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. காரணம் சொல்லல, நானும் கேட்கல.

ஆடு தொலைச்ச தம்பி நேத்து போன் பண்ணினார். ரெண்டாம் தடவை போனப்ப ரசீது கிடைச்சுதாம். "யார் மேல சந்தேகம்னு கேட்டாங்கண்ணா. நான் யாரையும் பார்க்கலன்னு சொல்லிட்டேன்"னார். ஆடு இன்னும் கிடைக்கல.

மழை வர்ற மாதிரி இருக்கு. மல்லாட்டைப் போருக்குத் தார்பாய் போடணும். அப்புறம் பார்ப்போம் உறவுகளே.